லாடம்

நான் அடிப்பவன்.
கீழ் அச்சு மரக்கட்டையில் புதைந்திருக்கும்,
மேல் அச்சு என் இடது கையில்.
நடுவே நிக்கோலாஸ் வைத்துவிட்டு
வெடுக்கென்று விரலை இழுத்துக்கொள்வான்
கோணல்மாணலான ஒரு வெள்ளித் துண்டை.
ஒரே அடி.
ஒரு பக்கம் சிலுவை,
மறுபக்கம் கடலுக்கு அப்பால் யாரோ ஒரு ராஜாவின் கேடயம்.

கணக்கேட்டில் நான்
பால்தசார், அங்கோலா, காதோரம் தழும்பு, அறுநூறு பேசோ.
அறுநூறை ஒரு காலைப்பொழுதில் அடித்துவிடுவேன்.
மேஸ்திரியின் கூடை வந்து
என் விலையை அள்ளிக்கொண்டு போகும்.
மதியம் மறுபடி தொடங்குவேன்.

பொட்டோசி அக்கசாலைக்கு ஒரு வண்ணக்கர் இருந்தார்,
டோன் மெல்ச்சோர் உர்பீனா.
வெள்ளியின் மாற்றுக்கு அவர் பொறுப்பு.
அச்சின் ஓரத்தில் அவர் பெயரின் முதலெழுத்து,
வாய் மேலே பார்த்த லாடம் போல.
எனக்கு எழுத்து தெரியாது.
லாடம் தெரியும்.

ஜூன் மாதம், குடத்துத் தண்ணீர் கல்லாகும் காலம்,
சுத்தியல் என் தோளைத் திருப்பி அடித்தது.
வெள்ளி வாங்கிக்கொள்ளும்.
செம்புதான் எதிர்த்துப் பேசும்.
மாலைக்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது.
"இதில் கலப்படம்" என்றேன்.
"உன் மணிக்கட்டை யார் கேட்டார்கள்?" என்றான் நிக்கோலாஸ்.

கேட்டாள் ஒருத்தி.
பாஸ்குவாலா சூரா, பனியில் உறையவைத்துக் காயவைத்த
கறுத்த உருளைக்கிழங்கு விற்பவள்.
ஞாயிற்றுக்கிழமை பின்வாசல் கம்பிக்கு வெளியே
சால்வை முடிச்சை அவிழ்த்தாள்.
சிவந்த மலைக்குள் இறங்கிய தம்பியின் கூலி.
ஒவ்வொன்றாய்க் கல்லில் போட்டாள்,
கண்ணை மூடிக் கேட்டேன்.
நல்லது. நல்லது. இது செத்தது. நல்லது.
இதுவும் செத்தது, பார், கை வழுக்கி அடித்திருக்கிறேன்,
லாடம் ஓரத்துக்கு வெளியே போய்விட்டது.
கட்டணம் ஒரு கிண்ணம் சோளக்கஞ்சி.

அடுத்த வாரம் ஏழு பெண்கள்.
அதற்கடுத்த வாரம் வரிசை கோயில் சுவர்வரை போனது.
என் வாயிலிருந்து வந்த சொல்
அந்த ஊரில் செல்லுபடியானது.
நான் கொழுத்துக்கூடப் போனேன்.

பிறகு லிமாவிலிருந்து நீதிபதி வந்தார்.
உர்பீனாவின் கழுத்தைக் கயிறு முறுக்கியது ஒரு புதன்கிழமை.
வியாழக்கிழமை முரசு:
லாடம் போட்ட காசெல்லாம் உலைக்கு.
எட்டு ரியால் கொடுத்தால் ஆறு கிடைக்கும்.

நான் நல்லது என்று சொன்னவற்றிலும் லாடம் இருந்தது.
அதை யோசிக்கவே இல்லை நான்.
எழுத்தைத்தானே தூக்கிலிட்டார்கள், வெள்ளியையா பார்த்தார்கள்?
நாணயமுள்ள காசும் நாணயமற்ற காசும்
ஒரே மூசையில் உருகின.
அந்த உலைக்கும் துருத்தி மிதித்தது நான்தான்.

பாஸ்குவாலா வந்தாள். கிண்ணம் இல்லை.
"நல்லது என்றாயே."
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
திட்டியிருந்தால் தேவலை.
சால்வையிலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டினாள்,
அந்த ஓரம் வழுக்கியது.
காசு மாற்றும் மூன்று பேர்
விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம்.
எழுத்தில்லை. ஆகையால் குற்றமில்லை.
உருக்க முடியாது என்று திருப்பிக் கொடுத்தார்களாம்.

"இது செத்ததுதானே?"
"செத்ததுதான்."
சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை என்பதை
அன்றுதான் பார்த்தேன்.
அதை முழு எட்டுக்கு
ஒரு கோவேறு கழுதைக்காரனிடம் தள்ளினாள்,
தம்பிக்கு ஒரு ஜோடித் தோல் செருப்பும்
மீதிக்குக் கோக்கா இலையும் வாங்கி.
கழுதை மலையிறங்கி அரிக்காத் துறைமுகத்துக்குப் போனது.
அப்புறம் அந்தக் காசு எந்தக் கடலிலோ,
யார் பெட்டியிலோ.

இப்போது புது அச்சு.
அலைகள் மேல் இரண்டு தூண்கள்,
புது வண்ணக்கர், புது எழுத்து,
இது ஏதோ முறிந்த ஏணிபோல் இருக்கிறது.
மேஸ்திரி எடையை மட்டும்தான் பார்ப்பார்.
இன்று காலையிலிருந்து நான்காம் முறை
என் கை வழுக்கியது.
நிக்கோலாஸ் என்னைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்க்கவில்லை.
"அடுத்தது வை" என்றேன்.